வியூக கேம்களுக்கு லேப்டாப்: கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு போதும்?

லேப்டாப் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் நிற்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் பெயர். துப்பாக்கிச் சண்டையோ கார் பந்தயமோ ஆடுகிறவருக்கு அந்தப் பெயர் உண்மையிலேயே முக்கியம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஸ்டார்கிராஃப்ட், கம்பெனி ஆஃப் ஹீரோஸ் போன்றவை வேறு வகை. அவற்றில் எதிரியும் நாமும் முறை வைத்துக் காத்திருப்பதில்லை. ஒரே நேரத்தில் படை திரட்டி மோதுகிறோம். இந்த வியூக கேம்களுக்காக வாங்குகிறவர் கார்டின் பெயரை மட்டும் பார்த்துக் காசை எண்ணிக் கொடுத்தால், பணம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. இந்த அத்தியாயத்தின் வாதம் இதுதான்: இவ்வகை கேம்களில் முதலில் திணறுவது பிராசசர், அடுத்தது சூட்டை வெளியேற்றும் அமைப்பு, கிராபிக்ஸ் கார்டு மூன்றாவது. ஆகவே ஆடப்போகும் கேமுக்குப் போதுமான கார்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிராசசருக்கும் ரேமுக்கும் நல்ல ஃபேனுக்கும் திருப்பிவிடுவதே லாபம்.

வாங்குகிறவர் யார், எங்கே வைத்து ஆடப்போகிறார் என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையில் உள்ள ஐயம்பேட்டையில், பட்டுத்தறி ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே கேமுக்கென்று தனியாக ஒரு லேப்டாப் வாங்குவது அரிது. கல்லூரிப் பாடம், சேலை டிசைன், இரவில் ஒரு ஆட்டம் எல்லாம் ஒரே மெஷினில் நடந்தாக வேண்டும். தறி இருக்கும் வீட்டில் நூல் தூசி இருக்கும். மே மாதக் கத்திரியில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். கரண்ட் சொல்லாமல் போகும். ஏசி அறையில் சோதித்து வெளியிடப்படும் மதிப்பெண்கள் இந்த வீட்டுக்கு அப்படியே பொருந்தா. கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்த வீட்டை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன.

படைகள் கூடும்போது எது திணறுகிறது?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமில் எட்டுப் பேர் ஆடினால், ஆளுக்கு 200 என்ற வழக்கமான வரம்பில், 1,600 உருவங்கள் வரைபடத்தில் நடமாடும். மரம் வெட்டுகிறவன் அடுத்த மரத்தைத் தேட வேண்டும். குதிரைப்படை மதிலைச் சுற்றி வழி கண்டுபிடிக்க வேண்டும். பறக்கும் ஒவ்வோர் அம்பும் பட்டதா தவறியதா என்று பார்க்க வேண்டும். வினாடிக்குப் பல முறை இந்தக் கணக்குகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கேமரா உயரத்தில் நின்று கீழே பார்ப்பதால் திரையில் விழும் நிலம் கொஞ்சம்தான். தொலைதூர மலையும் வானமும் வரைய வேண்டியதில்லை. ஆனால் திரைக்கு வெளியே நடக்கும் சண்டைக்கும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கார்டு திரையில் தெரிவதை வரைந்தால் போதும். பிராசசர் வரைபடம் முழுவதையும் சுமக்க வேண்டும்.

பிராசசரில் எட்டுக் கோர் இருக்கிறதே, எட்டுக்கும் வேலையைப் பங்கிட்டால் ஆகாதா என்று கேட்கலாம். முழுதாக ஆகாது. ஒரு வில்லாளி எதிரியை வீழ்த்தினால்தான் பக்கத்து வில்லாளி வேறு குறியைத் தேடுவான். முதல் கணக்கு முடியாமல் அடுத்ததைத் தொடங்க முடியாது. ஜக்கார்ட் தறி இருக்கும் வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. அட்டை சொன்னபடி பாவு இழைகள் நூற்றுக்கணக்கில் ஒரே மிதியில் மேலே எழும். ஊடையோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். முந்தையது அடிபட்டு உட்கார்ந்த பிறகே அடுத்த ஊடை. 1920-க்கு 1080 திரையில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு ஒரே வீச்சில் நிறம் கணக்கிடும் கிராபிக்ஸ் கார்டு பாவின் வேலையைச் செய்கிறது. கேமின் விதிகளை ஓட்டும் பிராசசரின் வேலை ஊடை போன்றது. பாவில் இன்னும் ஆயிரம் இழை சேர்த்தாலும் ஊடையைக் கொண்டுசெல்லும் நாடா ஓடும் வேகம் கூடாது. புதிய கேம்கள் வழி தேடுவது, ஒலி, திரைக்குப் படம் தயாரிப்பது போன்றவற்றைப் பிரித்து மற்றக் கோர்களுக்குக் கொடுக்கின்றன. ஆனாலும் நடுநாயகமான கணக்கு ஒரு கோரிலேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் இவ்வகையில் கோர்களின் எண்ணிக்கையை விட ஒற்றைக் கோரின் வேகத்துக்கு மதிப்பு அதிகம்.

இந்த கேம்களின் நெட்வொர்க் அமைப்பும் இதற்குச் சாட்சி. முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 1997-இல் வெளிவந்தது. அன்றைய வீட்டு இணைப்பான 28.8 கிலோபிட் மோடத்தின் வழியே 1,500 வில்லாளிகள் நிற்கும் இடத்தை ஒவ்வொரு நொடியும் அனுப்புவது நடவாத காரியம். ஆகவே ஆடுகிறவரின் கட்டளைகளை மட்டும் அனுப்பி, முழுப் போரையும் ஒவ்வொரு கணினியும் தானே கணக்கிட்டுக்கொள்ளும்படி அமைத்தார்கள். கேமை உருவாக்கிய குழுவின் பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001-இல் இதை விரிவாக எழுதினார்கள். இந்த ஏற்பாட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே அடியில் நகர வேண்டும்; ஒன்று பின்தங்கினால் மற்றவையும் காத்திருக்க வேண்டும். 2019 நவம்பரில் அதே வரிசையின் இரண்டாம் கேம் டெஃபனிட்டிவ் எடிஷனாகப் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, தரவரிசை ஆட்டத்தில் நுழைவதற்கு முன் ஒரு வேகச் சோதனையில் 1,000 புள்ளி எடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது இதனால்தான். உங்கள் மெஷினில் படம் மங்கலாக இருந்தால் அது உங்கள் கண்ணோடு போகும். பிராசசர் மெதுவாக இருந்தால் கூட ஆடும் ஏழு பேரின் ஆட்டமும் கெடும்.

இதை யாரும் தம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கேம் திணறும் நேரத்தில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்தை ஒட்டி நின்றால் கார்டுதான் முட்டுக்கட்டை. 50, 60 என்று நின்றால் குற்றவாளி வேறு. அப்போது பிராசசரின் பயன்பாடு வெறும் 20 சதவீதம் என்று காட்டக்கூடும். அதை நம்பிவிட வேண்டாம். எட்டு த்ரெட் கொண்ட பிராசசரில் ஒன்று மட்டும் முழுமூச்சாக உழைத்து மற்றவை சும்மா இருந்தால் கணக்கில் 12.5 சதவீதம்தான் வரும். இன்னும் எளிய சோதனை, திரையின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைப்பது. குறைத்த பிறகும் வேகம் கூடவில்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் அந்த ஆட்டத்தில் பலன் இராது.

எந்த கேமுக்கு எந்தக் கார்டு?

கேம் நிறுவனங்களே வெளியிடும் தேவைப் பட்டியல்கள் இந்த வாதத்துக்கு வலு சேர்க்கின்றன. 2021 அக்டோபரில் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4-க்குக் குறைந்தபட்சத் தேவை இன்டெல் எச்டி 520, அதாவது பிராசசருக்குள்ளேயே அடங்கிய சாதாரண கிராபிக்ஸ். பரிந்துரைத்த கார்டு ஜிடிஎக்ஸ் 970. அது 2014-இல் வந்தது. கேம் வெளியான நாளிலேயே ஏழு வயதான கார்டு போதும் என்று தயாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள். அதே பட்டியல் பிராசசருக்கு ஆறு கோரும், ரேமுக்கு 16 ஜிபியும் கேட்டது. எங்கே கை தாராளமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டாம்.

முதல் படியில் இருப்பவை ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஸ்டார்கிராஃப்ட் 2, பழைய கமாண்ட் அண்ட் கான்கர் கேம்களின் புதுப்பிப்பு, இலவசமாகக் கிடைக்கும் 0 ஏ.டி. ஆகியவை. 2022 ஏப்ரலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா தொகுப்பில் திராவிடர் ஒரு தனி நாகரிகமாகச் சேர்க்கப்பட்டனர். உருமி ஏந்திய வீரர்களோடு, ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடிப் பார்க்கலாம். 0 ஏ.டி.யில் மௌரியர் உண்டு. ஸ்டார்கிராஃப்ட் 2-இன் பெரும்பகுதி 2017 நவம்பர் முதல் இலவசம். இவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. ஏஎம்டியின் ரேடியான் 680எம், 780எம், இன்டெலின் ஐரிஸ் எக்ஸ்இ, ஆர்க் போன்ற உள்ளடங்கிய கிராபிக்ஸ் போதும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்துவந்த லேப்டாப் வீட்டில் ஒன்று இருந்தால், புதிது வாங்கும் முன் 0 ஏ.டி.யை அதில் இறக்கிப் பாருங்கள். அதில் ஆட்டத்தின் தொடக்கம் சுகமாகவும், படை பெருகிய பிறகு நொண்டலாகவும் இருந்தால், இந்த அத்தியாயம் சொல்வதைக் கண்ணாலேயே பார்த்ததாகும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4, மூன்றாம் பாகத்தின் புதுப்பிப்பு ஆகியவை இரண்டாம் படி. இவற்றை நடுத்தர அமைப்பில் வினாடிக்கு 60 ஃப்ரேமுக்குச் சுகமாக ஆட ஆர்டிஎக்ஸ் 3050 போதும். அதில் 4 ஜிபி, 6 ஜிபி என இரு வகை உண்டு. 6 ஜிபியைக் கேட்டு வாங்குங்கள். 2023-இல் லேப்டாப்புக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 4050 கிடைத்தால் இந்தப் படிக்கு அதற்கு மேல் தேட வேண்டாம். மூன்றாம் படியில் 2023 பிப்ரவரியில் வந்த கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 3-ம், டோட்டல் வார் வரிசையின் பெரும்போர்களும் இருக்கின்றன. இவை கேமராவைத் தரைக்கு அருகே இறக்கி, இடிபாடும் புகையும் காட்டுபவை. கார்டுக்கு உண்மையான வேலை இங்கேதான். ஆர்டிஎக்ஸ் 4050 தொடங்கி, 8 ஜிபி கொண்ட 4060, 5050, 5060 வரை இவற்றுக்குப் பொருந்தும். வியூக கேமுக்கென்று 5070, 5080 என்று மேலே ஏறுவதற்குக் காரணம் ஏதும் இல்லை.

தனி கார்டு தேவையில்லாத கேமுக்கும் ஒரு சின்ன தனி கார்டு உதவும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. மெல்லிய லேப்டாப்களில் பிராசசரும் உள்ளடங்கிய கிராபிக்ஸும் ஒரே சில்லில் இருக்கும். 15 முதல் 28 வாட் மின்சாரத்தை இரண்டும் பங்கு போட வேண்டும். படை பெருகப் பெருகக் கிராபிக்ஸ் அதிகம் இழுத்தால் பிராசசரின் பங்கு சுருங்கும், அதுவும் சரியாகப் பெரும்போர் நடக்கும் நேரத்தில். ஆர்டிஎக்ஸ் 2050 அல்லது 3050 போன்ற தனி கார்டு வந்தால் படம் வரையும் சூடு வேறிடத்துக்குப் போய், பிராசசருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். சின்ன கார்டை வாங்குவதற்குக் கூட நியாயம் பிராசசரிலேயே இருக்கிறது.

பெயரை விட வாட்

டெஸ்க்டாப்பில் கார்டின் பெயரைச் சொன்னால் வேகம் ஏறக்குறைய தெரிந்துவிடும். லேப்டாப்பில் தெரியாது. ஆர்டிஎக்ஸ் 4050, 4060, 4070 மூன்றுக்கும் 35 வாட் முதல் 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள என்விடியா லேப்டாப் நிறுவனங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. மெல்லிய உடலில் 45 வாட்டுக்கு அடக்கிய 4060-ஐ, நல்ல காற்றோட்டத்தில் 95 வாட்டில் ஓடும் 4050 எட்டிப்பிடிக்கும், சில வேளை முந்தியும் விடும். ஆர்டிஎக்ஸ் 3050-க்கும் 35 முதல் 80 வரை இதே கதை. கடைக்காரர் பெயரைச் சொன்னால், அடுத்த கேள்வி எத்தனை வாட் என்பதாக இருக்க வேண்டும். ஷோரூமில் வைத்திருக்கும் மெஷினில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனைப் பார்த்தால் கார்டின் உச்ச வாட் எழுதியிருக்கும்.

விளம்பரத்தில் 140 வாட் என்று போட்டிருந்தால் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 115 வாட் கார்டுக்கு உரியது. மிச்சம் 25 டைனமிக் பூஸ்ட் என்ற ஏற்பாட்டில் பிராசசரிடமிருந்து கடனாக வருவது. பிராசசர் சும்மா இருக்கும் கேம்களில் இந்தக் கடன் கிடைக்கும். வியூக கேமில் பிராசசர் சும்மா இருப்பதே இல்லை. ஆகவே அந்தப் பெரிய எண் உங்கள் ஆட்டத்தில் வரப்போவதில்லை. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண். பேட்டரியில் ஆடும்போது கார்டும் பிராசசரும் இன்னும் கீழே இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கரண்ட் போனால் லேப்டாப் அணையாது, ஆனால் ஆட்டம் தளரும். நண்பர்களோடு ஆடும் வழக்கமுள்ள வீட்டில், மோடமும் லேப்டாப் சார்ஜரும் இன்வெர்ட்டர் லைனில் இருப்பது கார்டை ஒரு படி உயர்த்துவதை விடப் பயன் தரும்.

மிச்சப் பணம் எங்கே போக வேண்டும்?

முதலில் பிராசசர். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். யு என்றால் மின்சாரம் மிச்சப்படுத்தும் மெல்லிய வகை. எச், எச்எக்ஸ் என்றால் நீண்ட நேரம் முழு வேகத்தில் நிற்கக்கூடியவை. வியூக கேமின் ஒரு ஆட்டம் ஒரு மணி நேரம் நீளும். கடைசிக் கால் மணியில்தான் படை உச்சத்தில் இருக்கும். முதல் ஐந்து நிமிடம் மட்டும் பாய்ந்துவிட்டுப் பிறகு அடங்கிவிடும் பிராசசரால் இங்கே பயனில்லை. ஏஎம்டியில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. 7000 வரிசையில் முதல் இலக்கம் வெளிவந்த ஆண்டை மட்டும் சொல்லும். தலைமுறையைச் சொல்வது மூன்றாம் இலக்கம். 7520யு என்பது புதுப் பெயரில் வந்த ஜென் 2. 7840எச்எஸ் ஜென் 4. பெயரில் 7 என்று தொடங்குவதால் இரண்டும் ஒரே காலத்துச் சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது ரேம். 16 ஜிபி இன்றைக்கு அடிப்படை. அது 8-ம் 8-மாக இரண்டு ஸ்லாட்டில் இருக்க வேண்டும். உள்ளடங்கிய கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. ரேமையே அது பயன்படுத்துகிறது. ஒரே ஸ்டிக் போட்டால் வழி பாதியாகக் குறுகும். ஐரிஸ் எக்ஸ்இ உள்ள லேப்டாப்பில் ஒற்றை ஸ்டிக் இருந்தால் விண்டோஸ் அதை யுஎச்டி கிராபிக்ஸ் என்றே காட்டும், பெயர்கூடப் பறிபோகிறது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் இரண்டு ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் சேர்ப்பது பத்து நிமிட வேலை. ஆனால் ரேம் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்ட மாடலில் அது முடியாது. அதை வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது திரை. வியூக கேமில் வினாடிக்கு 60 ஃப்ரேம் நிலையாக வந்தால் கண்ணுக்கும் கைக்கும் போதும். 144 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் நல்லது, அதை நிரப்புவதற்காகப் பெரிய கார்டு தேட வேண்டியதில்லை. ஐயம்பேட்டை வீட்டுக்குத் திரையில் பார்க்க வேண்டியது நிறம். பல பட்ஜெட் கேமிங் லேப்டாப்களில் 45 சதவீத என்டிஎஸ்சி என்று குறித்த திரை வருகிறது. அது இணையத்துக்கான பொதுவான நிற வரம்பான எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட முழுதாகக் காட்டாது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக டிசைன் போட்டு அட்டை குத்துகிறவருக்கும், அட்டையே இல்லாத எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு ஃபைல் தயாரிக்கிறவருக்கும், வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் பார்டர் நிறம் காட்டுகிறவருக்கும் அது ஏமாற்றும் திரை. அரக்கும் மெரூனும் அதில் ஒன்றாகத் தெரியலாம். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி திரைக்குக் கொடுக்கும் பணம் வீட்டின் தொழிலுக்கும் சேர்த்துக் கொடுப்பது. கார்டை 4060-இலிருந்து 4050-க்கு இறக்கி அந்தத் திரையை வாங்கினால் ஆட்டத்தில் ஒன்றும் குறையாது.

வெயிலும் நூல் தூசியும்

லேப்டாப் பிராசசர்கள் ஏறக்குறைய 95 முதல் 105 டிகிரியைத் தொட்டால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உச்சவரம்பை 100 என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரி அறையில் சூடு வெளியேற 70 டிகிரி இடைவெளி இருக்கிறது. 40 டிகிரி அறையில் 60 மட்டுமே. அதே ஃபேன், அதே வேகம், ஆனால் ஏழில் ஒரு பங்கு சூடு வெளியே போக வழியில்லை. அந்தப் பங்கு பிராசசரின் வேகத்திலிருந்துதான் கழிக்கப்படும். பல நிறுவனங்களின் கையேடுகளில் பயன்படுத்தத் தக்க சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரை என்றே இருக்கும். இதில் பெரிய கார்டு தீமையும் செய்கிறது. பெரும்பாலான லேப்டாப்களில் கார்டுக்கும் பிராசசருக்கும் செப்புக் குழாய் பொது. கார்டு கக்கும் சூடு பிராசசரின் தலையில் வந்து விடிகிறது. மெல்லிய உடலில் பெரிய கார்டு என்பது வியூக கேம் ஆடுகிறவர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். பெரிய கார்டு உள்ள மெஷின் கைக்கு வந்துவிட்டால், வினாடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் போகாதபடி கேமிலேயே பூட்டு போட்டுவிடலாம். படத்தில் வித்தியாசம் தெரியாது. சூடு சட்டென்று இறங்கும்.

நூல் தூசி இன்னொரு எதிரி. ஃபேன் அடியிலிருந்து காற்றை இழுத்து, நெருக்கமான செப்புத் தகடுகளுக்கு இடையே தள்ளுகிறது. தறிக்கூடத்தில் பறக்கும் இழைத் துகள் அந்தத் தகடுகளில் படிந்து பாய்போல அடைத்துக்கொள்ளும். ஆகவே தறி ஓடும் அறையில் வைத்து ஆடாதீர்கள். படுக்கை, பாய் மேல் வைக்காமல் பலகையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். ஆண்டுக்கு இரு முறை அடிமூடியைத் திறந்து தூசி தட்டக் கொடுங்கள். திறந்தால் வாரண்டி போகுமா என்பதை நிறுவனத்துக்கு நிறுவனம் கேட்க வேண்டும். மின்கட்டணக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 150 வாட் இழுக்கும் மெஷினில் தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 27 யூனிட்; 40 வாட் மெஷினில் 7 யூனிட்டுக்குச் சற்று மேல். இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் ஓடும் வீட்டில் இருபது யூனிட் வித்தியாசம் பில்லில் தெரியும்.

எதிர்வாதங்கள்

லேப்டாப்பில் கார்டை மாற்ற முடியாது, ஆகவே இப்போதே பெரிதாக வாங்கிவிட வேண்டும் என்பார்கள். கார்டை மாற்ற முடியாது என்பது உண்மை. பிராசசரையும் மாற்ற முடியாது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. 1999-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ம், 2010-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-ம் இன்றும் முன்னணியில் ஆடப்படும் துறை இது. ஆண்டுக்கு ஆண்டு கார்டு கேட்கும் துறை அன்று. இந்த எதிர்வாதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிய பகுதி ஒன்றே: கார்டின் நினைவகம். 4 ஜிபி இன்றைக்கே இறுக்கம். 6 இருந்தால் நிம்மதி, 8 இருந்தால் வருங்காலத்துக்கும் ஆகும். பெயரில் ஒரு படி ஏறுவதை விட நினைவகத்தில் ஒரு படி ஏறுவது தக்கது.

வியூக கேம் மட்டுமா ஆடப்போகிறோம், ஜிடிஏ மாதிரி கேமும் ஆடுவோமே என்பது இன்னும் நியாயமான கேள்வி. ஆடும் நேரத்தில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட கேமில் போகும் என்றால் இந்த அத்தியாயத்தின் வரிசை உங்களுக்குப் பொருந்தாது. கார்டை முன்னே கொண்டுவாருங்கள். ஆனால் வாலரன்ட் போன்ற போட்டி கேம்களைக் காரணம் காட்டிப் பெரிய கார்டு வாங்க வேண்டாம். அதுவும் பிராசசரை நம்பும் இலகுவான கேம்தான். இரண்டும் கலந்து ஆடுகிறவருக்கு முழு வாட்டில் ஓடும் 4050 அல்லது 5050 நடுவழி.

அப்படியானால் டெஸ்க்டாப்பே வாங்கிவிடலாமே என்று கேட்டால், மெஷின் வீட்டை விட்டு நகரப்போவதில்லை என்ற நிலையில் பதில் ஆம். அதே பணத்துக்கு வேகமான பிராசசர், பெரிய ஃபேன், பின்னாளில் கார்டு மாற்றும் வசதி எல்லாம் கிடைக்கும். கரண்ட் போனால் அணைந்துவிடாமல் இருக்க யுபிஎஸ் ஒன்றும் சேர்க்க வேண்டும். தறிக்கே இடம் போதாத வீட்டில் மேசைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். கல்லூரிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்ற ஒரே காரணம் போதும், லேப்டாப் பக்கம் சாய்வதற்கு.

செகண்ட் ஹேண்டில் பெரிய கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று சென்னை ரிச்சி தெருவைக் காட்டுகிறவர்களும் உண்டு. பழைய கேமிங் லேப்டாப்பில் கார்டு நன்றாகவே இருக்கலாம். கூடவே வருவது நான்கைந்து ஆண்டுப் பழைய பிராசசர், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், தளர்ந்த பேட்டரி. வியூக கேமுக்கு வேண்டியது எதுவோ அதுவே அங்கே கிழடு தட்டியிருக்கும். வாங்கத்தான் வேண்டுமென்றால், கடையிலேயே அரை மணி நேரம் கேமை ஓடவிட்டு, முதல் ஐந்து நிமிடத்து வேகத்தையும் கடைசி ஐந்து நிமிடத்து வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். ஆகவே தொகையை மனப்பாடம் செய்வதை விட வரிசையை மனத்தில் வைப்பது நல்லது. முதலில் நீங்கள் ஆடப்போகும் கேம்களில் மிகக் கனமான ஒன்றைத் தேர்ந்து, அது எந்தப் படியில் வருகிறது என்று பாருங்கள். அந்தப் படிக்குப் போதுமான கார்டுகளில், நினைவகம் 6 ஜிபிக்குக் குறையாததும் வாட் அதிகம் உள்ளதுமான ஒன்றைப் பிடியுங்கள். அதே விலைக்குள் எச் அல்லது எச்எக்ஸ் பிராசசர், இரண்டு ஸ்டிக்காக 16 ஜிபி ரேம், நிறம் சரியாகக் காட்டும் திரை மூன்றும் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் கார்டில் ஒரு படி இறங்குங்கள். மற்ற மூன்றில் இறங்காதீர்கள். சர்வீஸையும் விசாரியுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் டெல் தொழிற்சாலை இருப்பதால் உங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடுவார் என்று பொருளல்ல. வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி உங்கள் பின்கோடுக்கு உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வாங்கி வந்த முதல் வாரத்தில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் சில நேரம் கேமை உள்ளடங்கிய கிராபிக்ஸிலேயே ஓட்டிவிடும், கார்டு உறங்கிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்ந்து வையுங்கள். பிறகு ஏழு கணினி எதிரிகளோடு ஒரு பெரிய வரைபடத்தில், எல்லாப் படையும் நிரம்பும் வரை ஓர் ஆட்டம் ஓடவிடுங்கள். மதிய வெயிலில் ஃபேன் போட்ட அறையில் அந்த ஆட்டத்தின் கடைசிக் கால் மணி நொண்டாமல் ஓடினால் தேர்வு சரி. நொண்டினால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போங்கள். போகும்போது டாஸ்க் மேனேஜர் காட்டிய எண்களைப் படமெடுத்துக் கையில் வைத்திருங்கள். பெரிய கார்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொன்னால், அந்த எண்கள் பதில் சொல்லும்.